உப்புப் போடாத கீரை

என் தங்கையின் சமையலில் உப்புக் குறைவு என்று சொன்னவர் யாரும் அந்த வீட்டில் இரண்டாம் முறை அதைச் சொன்னதில்லை. நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தவன்தான். அவளுக்குக் கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போயிருந்தேன். சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “உப்புப் பத்தலையே தாயி” என்றேன். அகப்பையைக் கீழே வைக்காமலே பதில் வந்தது. “கடலு அரை மைல்லதான் கெடக்கு. போயி ஒரு கை அள்ளிட்டு வந்து போட்டுக்க.” மாப்பிள்ளைக்குச் சிரிப்பில் புரையேறி, தலையைத் தட்டிக்கொண்டே எழுந்து போனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எதை வைத்தாலும் நான் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிடுவேன்.

நாங்கள் திருவரங்குளம் பக்கத்துச் செம்மண்காரர்கள். நான் அவளுக்கு இரண்டு வயது மூத்தவன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். வாத்தியார் என்றால் தெரியுமே, கேட்டாலும் சொல்வோம், கேட்காவிட்டாலும் சொல்வோம். அவளை மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் ஏசி மெக்கானிக் வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். இரண்டு பிள்ளைகளையும் ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான வயலையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

புயல் வந்தது ஒரு கார்த்திகையில். விடிந்ததும் எனக்குப் போன் செய்தாள். வீடு இருக்கிறதா, கூரை இருக்கிறதா என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். அவள் நிதானமாக, “அண்ணே, வயல்ல மீனு கெடக்கு” என்றாள்.

அறந்தாங்கி வந்து பஸ் மாறி, விழுந்த மரங்களையெல்லாம் சுற்றிக்கொண்டு நான் போய்ச் சேர மறுநாளாகிவிட்டது. அவள் சொன்னது நிஜம். கதிர் வாங்கிய பயிர் மொத்தமும் படுத்துக் கிடந்தது. அதன்மேல் மடவை மீன்கள் செத்துக் கிடந்தன. கடல் வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போயிருந்தது. தண்ணீர் வடிந்து வெயில் ஏற ஏற, மண் வெள்ளையாகப் பொரிந்தது. கோலப்பொடியைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

அந்தப் பொங்கலுக்குக் கடை அரிசியில்தான் பொங்கினாள். அன்று நானும் அங்கே இருந்தேன். குவைத்திலிருந்து வீடியோ காலில் வந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும், “மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க. உப்பு மண்ணைக் கட்டிக்கிட்டு அழுவுறா. புதுக்கோட்டையில வீடு பாக்கச் சொல்லியிருக்கேன். பிள்ளைகளுக்கு ஸ்கூலும் பக்கம். பேசாம கெளம்பச் சொல்லுங்க” என்றார். தப்பான பேச்சில்லை. அடுத்த புயலை நினைத்து அங்கே தூக்கமில்லாமல் கிடந்த மனுஷன். நானும் தலையாட்டினேன். அவள் போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“மூணு பொங்கல் குடுங்க. மூணாவது பொங்கலுக்கும் கடை அரிசிதான்னா, நானே வீட்டைப் பூட்டிச் சாவியை அண்ணன் கையில குடுத்துட்டு வண்டியேறிர்றேன்.”

போனை வைத்த பிறகு நான் அவளைக் கடிந்துகொண்டேன். “எதுக்கு இந்த வீம்பு? டவுன்ல நிம்மதியா இருக்கலாம்ல?” என்றேன். அவள் பொங்கல் பானையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “நம்ம வீட்டுல வயலு ஒனக்கு, நகை எனக்குன்னு பிரிச்சாக. நான் ஒண்ணும் கேக்கல. எனக்குன்னு ஒரு வயலு இதுதாண்ணே.”

அப்பாவின் மூன்று ஏக்கரும் என் பேரில்தான் இருக்கிறது.

முதல் வருஷம் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். விவசாய ஆபீசில் சொன்னபடி ஜிப்சம் போட்டாள். நல்ல தண்ணீரை நிறுத்தி வடியவிடச் சொன்னார்கள். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கிணறும் அல்லவா கரித்துக் கிடந்தது. ஆவணியில் விதைத்த நெல் விரல் நீளம் வந்து, நுனி கருகி, அப்படியே உட்கார்ந்துவிட்டது. முதல் பொங்கல் போயிற்று. கடை அரிசி.

அந்தத் தை மாதம் அவள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புத் தீரவில்லை. வயலின் கீழ்க்கோடியில், ஓடைப் பக்கமாக, உமரி தானாக முளைத்திருந்தது. கடலோரத்தில் எங்கும் கிடக்கும் பூண்டு அது. பச்சையும் சிவப்புமாக, அரிசி அரிசியாகத் தடித்த இலை. நசுக்கினால் தண்ணீர் வரும். யாரும் மதித்துப் பார்க்காத செடி. இவள் பார்த்தாள். உமரி அடர்ந்திருந்த இடத்தில் மட்டும் உப்புப் பூக்கவில்லை. செடியை விலக்கினால் அடியில் மண் ஈரமாக, கறுப்பாக இருந்தது. இரண்டு அருகம்புல் கூடத் தலை நீட்டியிருந்தது. எத்தனையோ பேர் மிதித்துக்கொண்டு போன இடம். நானும்தான் மிதித்துக்கொண்டு போனேன். அறிவியலில் பட்டம் வாங்கியவனின் கண்ணுக்கு அது படவே இல்லை.

ஓடைக்கரையிலிருந்து உமரிக் கன்றுகளைப் பிடுங்கி வந்து, நாற்று நடுவது போல வரிசை பிடித்து வயல் முழுக்க நட்டாள். கூலிக்கு ஆள் கூப்பிட்டால் யாரும் வரவில்லை, சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, “ஏத்தா, களையை நடுறியே, நாளைக்கு நெல்லு மொளைச்சா அதைப் புடுங்கிப் போடுவியா?” என்று கேட்டார். “ஆமா பெரியப்பா, புடுங்கி ஒங்க வயல்ல நட்டுர்றேன். அங்கிட்டுந்தான் ஒண்ணும் மொளைக்கலையே” என்றாள். அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

செடிதான் என்ன செடி! நம் பயிரெல்லாம் உப்பைக் கண்டு சுருண்டு சாகிறது. இது உப்பைக் குடித்துவிட்டுக் கொழுக்கிறது. சித்திரை வெயிலில் சுற்றுவட்டாரமே வெளுத்துக் கிடந்தபோது அவள் வயல் மட்டும் முழங்கால் உயரத்துக்குச் சிவந்து நின்றது. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அதைப் பார்த்து மலைத்துப்போனேன். மலைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

எங்கள் செம்மண் சீமையில் நடவுக்கு முன்னால் தழை மிதிப்பது வழக்கம். கொளுஞ்சி, வேம்பு, புங்கம் என்று கிடைத்த தழையையெல்லாம் வெட்டி வந்து சேற்றில் போட்டு மிதிப்போம். தழையை வெளியே எறிந்தால் அப்பா அடிப்பார். எங்களுக்கு அது சோற்றை எறிகிற மாதிரி. தங்கையோ அரிவாளோடு நின்றுகொண்டு, “எல்லாத்தையும் அறுத்து ஓடைக்கு அங்கிட்டுக் கொண்டுபோயிப் போட்டுரலாம்னு பாத்தேண்ணே” என்றாள்.

“ஒனக்கென்ன பைத்தியமா? இம்புட்டுத் தழையையும் தூக்கி எறியவா? அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாக? மடக்கி உழுதுடு. அவ்வளவும் ஒரம்.”

“இது உமரிண்ணே. கொளுஞ்சி இல்ல.”

“தழைன்னா தழைதான். மக்குனா மண்ணு பொதுபொதுன்னு ஆயிரும். நான் பாடம் நடத்துறவன், எனக்குத் தெரியாதா?”

அவள் அரிவாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். படித்த அண்ணன் சொல்கிறானே என்று இறங்கி வந்தாள். அடுத்த வாரம் நானே லீவு போட்டுவிட்டு வந்து, டிராக்டர் பிடித்து, பின்னாலேயே நடந்து ஒரு தழை விடாமல் மடக்கி உழவைத்தேன். வரப்பிலிருந்த நாலைந்து செடியைக்கூட வெட்டி உள்ளே எறிந்தேன். எவ்வளவு அக்கறை பாருங்கள்!

ஆவணியில் புழுதி விதைப்பு. உப்பு மண்ணைத் தாங்கும் என்று பெயர்பெற்ற குழியடிச்சான் நெல் விதையைத் தேடி வாங்கி வந்து தூவினாள். முளைத்தது. மூன்றாம் வாரம் நுனி கருகியது. ஐந்தாம் வாரம் வயலில் ஒன்றுமில்லை. உழுத சாலெல்லாம் உப்புப் பூத்து நின்றது. பக்கத்து வயல்காரர் இந்தத் தடவை கேலிகூடச் செய்யவில்லை.

இரண்டாவது பொங்கலுக்கும் கடை அரிசி. மறுநாள் மத்தியானம் நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மழை பிந்திவிட்டது, விதை சரியில்லை, தழை மக்க நாள் பத்தவில்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் உமரிக்கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்துகொண்டிருந்தாள். அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். வேகவைத்த தண்ணீரை இரண்டு தடவை இறுத்துக் கொட்டிவிட்டுப் பருப்பில் போடுவார்கள். என் தட்டில் இரண்டாவது கரண்டி வைக்க வந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணே.”

“என்ன?”

“இந்தக் கீரைக்கு நான் உப்பே போடுறதில்லண்ணே.”

எனக்கு முதலில் உறைக்கவில்லை. “நல்லாத்தானே இருக்கு” என்றேன்.

“போட வேணாம். அதுலயே இருக்கு. ரெண்டு தண்ணி இறுத்தும் இருக்கு.” கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். “மண்ணுல இருந்த உப்பையெல்லாம் அது எலையில ஏத்தி வச்சுருக்கு. அதைக் கொண்டுபோயி நாம திருப்பி மண்ணுக்குள்ளயே பொதைச்சுட்டோம்.”

வேர் உப்பை உறிஞ்சும், தண்டு வழியாக இலைக்கு ஏற்றும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்துகிறவன் நான். அந்த உமரி ஆறு மாதம் பாடுபட்டு வயலிலிருந்து உறிஞ்சி எடுத்ததை, டிராக்டர் வைத்துத் திருப்பிக் கொட்டியவனும் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே இருந்த கீரையையும் அல்லவா அது கெடுத்துவிட்டது! அவமானத்தில் காது சுட்டது. அவள் கேட்டு வாங்கிய மூன்று பொங்கலில் ஒன்றை நான் தின்றுவிட்டேன்.

“நாம” என்று சொன்னாள் பாருங்கள். “நீ” என்று சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. “நான்தான்டீ கெடுத்தேன்” என்று நானே சொன்னேன். “சரி விடு. உப்பு விக்கப் போனா மழை பேயுது, மாவு விக்கப் போனா காத்தடிக்குது. நமக்கு என்ன புதுசா?” என்று சொல்லிவிட்டு, தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

அடுத்த வாரமே மறுபடி உமரிக் கன்றுகளைப் பிடுங்கி நட ஆரம்பித்துவிட்டாள். இது கடைசி வருஷம் என்பது ஊருக்கே தெரியும். புதுக்கோட்டையில் வீடும் பார்த்தாகிவிட்டது. நான்தான் போய்ப் பார்த்து வந்தேன். மாடிவீடு, தண்ணீர் வசதி, பக்கத்திலேயே ஸ்கூல். அதைப் பற்றி அவளிடம் நான் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

கோடை விடுமுறை விட்டதும் அரிவாளோடு போய் இறங்கினேன். “சார்வாள் வந்துட்டாகளா? டிராக்டர் எங்க?” என்றாள். அதற்குப் பிறகு அந்த வயலில் நான் வாத்தியார் இல்லை, சுமைகூலி. அவள் அறுப்பாள், நான் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி மணல்மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவேன். தடித்த இலை, தண்ணீர்க் கனம். சுமையிலிருந்து வழிந்த நீர் கண்ணில் இறங்கினால் எரியும். வழித்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரிக்கக் கரிக்கச் சந்தோஷமாக இருக்கும். வயலை விட்டு வெளியே போகிற உப்பல்லவா!

அறுத்தது தழைத்து வந்தது. மறுபடி அறுத்தோம். ஆடியில் சனி, ஞாயிறு மட்டும் போய் மூன்றாம் அறுப்பையும் முடித்தேன். கடைசியில் அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கி, உதிர்ந்த இலையைக்கூடக் கூட்டி அள்ளினாள். “வயலைக் கூட்டுற பொம்பளையை இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றார் பக்கத்து வயல்காரர். கேலியாகத்தான் ஆரம்பித்தார். பிறகு குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி முகர்ந்தார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அந்த வருஷம் மழையும் முந்தி வந்தது. வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரை நாலு நாள் நிறுத்தி, ஓடைக்கு வெட்டிவிட்டாள். இரண்டு முறை அப்படிச் செய்தாள். எல்லாம் உமரியால்தான் என்று நான் சொல்லமாட்டேன். மழைக்கும் பங்கு உண்டு. ஆனால் அதே மழை பக்கத்து வயலிலும் பெய்தது. அங்கே உப்புத்தான் பூத்தது.

ஆவணியில் மறுபடி குழியடிச்சான். மூன்றாம் வாரம் நெருங்க நெருங்க, வகுப்பு நடுவில் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். ஒருநாள் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. நுனி கருகிய பயிர். எனக்கு உலகமே நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு படம். பச்சைப் பசேல் என்று நெஞ்சை நிமிர்த்திய பயிர். கீழே குரல் செய்தி. “மொதல் படம் வடக்கு மூலைண்ணே, நாலு அடி. இது மிச்சம். பயந்துட்டியா? நல்லாப் பயப்படு.” பிள்ளைகள் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. தூசி என்று சொல்லி வைத்தேன்.

வடக்கு மூலையில் நாலடி என்றது பிறகு நாற்பது அடி, நூறு அடி என்று பரவியது. பாதி வயல்தான் விளைந்தது. அதுவும் கட்டைக் கதிர். மார்கழிக் கடைசியில் அறுத்தோம். பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. நெல் கையில் இருக்கிறது, எங்கள் கண்முன்னால் இருக்கிறது. இனிமேல் என்ன என்று நான் நினைத்தேன். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. கொஞ்சம் நெல்லை உரலில் குத்தி, சின்னப் பானையில் உலை வைத்தாள்.

“எதுக்கு இப்ப அவசரம்? பொங்கலன்னைக்கே பொங்கலாம்ல?” என்றேன்.

“சாமிக்கு வச்ச பொங்கலு, ஊருக்கே குடுக்கணும். வாயில வச்சதும் கரிச்சா என்னண்ணே பண்றது? உப்புக் குடிச்ச மண்ணுல வெளைஞ்ச நெல்லு. அப்புறம் அவுக வந்து வீட்டைப் பூட்டுன்னா நான் என்ன பேசுறது?”

மண்ணின் உப்பு அப்படி நெல்மணிக்குள் ஏறிக் கரிக்காது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தழைன்னா தழைதான் என்று சொன்ன வாய் இது. இறுக மூடிக்கொண்டேன்.

சோறு வெந்தது. சிவந்த சோறு. குழம்பில்லை, தொடுகறி இல்லை, ஒரு கல் உப்புப் போடவில்லை. தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள். அவள் சாப்பிடவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றேன். அவசரப்படாமல் மென்றேன். லேசாக இனித்தது. மற்றபடி சப்பென்று இருந்தது.

“என்னண்ணே?”

“உப்புப் பத்தல தாயி” என்றேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால் என்னைக் கடலுக்கு அனுப்பியவள் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இன்னொருக்கா சொல்லு.”

சொன்னேன்.